ஒரு கிலோ காற்று

சென்னை நீலாங்கரையில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த வீட்டின் பம்ப் அறைக்குள் குனிந்துதான் போக முடியும். உள்ளே நுழைந்தவர் முதலில் பார்த்தது ஃபில்டர் மேலிருந்த பிரஷர் மீட்டரை. முக்கால் கிலோவைத் தாண்டி நிற்க வேண்டிய முள், கால் கிலோவில் கிடந்தது. மோட்டாரை நிறுத்தி, வால்வுகளை அடைத்து, பம்பின் முன்பக்க மூடியைத் திருகிக் கழற்றினார். கூடை நிறைய பூவரச இலை. தண்ணீரில் ஊறி மட்கிய இலை வாசம், கூடவே கொஞ்சம் குளோரின், சூடேறிய மோட்டாரின் வார்னிஷ் வாசம். கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பல்லடம் பக்கத்தில், பாறைக் கிணற்றிலிருந்து, குழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வைத் தூக்கி மேட்டில் போட்டதும் கிளம்புமே, கிட்டத்தட்ட அதே வாசம்.

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை போகும் கடலோரச் சாலையில், நீச்சல் குளம் வைத்த வீடுகளின் பம்பையும் ஃபில்டரையும் பார்த்துக்கொள்வது அவருக்குப் பல வருடத் தொழில். ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டது கிணற்றில்.

அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் மோட்டார் மேலே இருக்காது. எண்பது அடிக் கிணற்றில், பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு மேடை. அதன்மேல் மோட்டாரும் பம்பும். கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரையும் இன்னொரு படி கீழே இறக்க வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறினால் ராத்திரியானாலும் லாந்தரோடு ஓட வேண்டும். மோட்டார் முங்கினால் காயில் புகைந்துவிடும், திரும்பச் சுற்ற ஒரு போகத்து லாபம் போய்விடும். அப்படி ஒரு மழை ராத்திரியில் அப்பா, பெரியப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மோட்டாரைத் தூக்கினார்கள். இழுத்த கயிறு தாத்தா காலத்துக் கவலை வடம். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்ததை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. ஆனாலும் வடத்தை யாரும் தூக்கிப் போடவில்லை, சாளையின் எரவாணத்தில் சுருட்டிச் சொருகியே இருந்தது.

மோட்டாரை ஏன் மேலேயே வைக்கக் கூடாது என்று அந்த வயதில் அவருக்குப் புரியவில்லை. தோட்டத்துக்குப் பம்ப் பழுது பார்க்க வரும் பிட்டர் அண்ணனிடம் கேட்டார். “இருவது இருவத்திரண்டு அடிக்கு மேல இழுக்காது கண்ணு. எத்தனை குதிரை மோட்டார் வச்சாலும் இழுக்காது” என்றார் அவர். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அனுபவம். அதுபோதும், ஊரில் ஒரு மோட்டாரும் அவர் கணக்கை மீறித் தண்ணீர் எடுத்ததில்லை.

இதே முட்டுக்கட்டையில்தான் பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பம்புக்காரர்களும் நின்றார்கள். சுமார் பத்து மீட்டருக்கு மேல் உறிஞ்சு பம்பால் தண்ணீர் ஏற்ற முடியவில்லை. கலிலியோ வரை கேள்வி போனது. விடை தெளிவானது அவருடைய சீடர் டாரிசெல்லியால், 1643-இல். பம்ப் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுதான் அதைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்தக் காற்றின் பலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோ அழுத்தம் தாங்கிப் பிடிக்கும் தண்ணீரின் உயரம் பத்து மீட்டர், நம் கணக்கில் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு அடி. குழாய் உரசல், வளைவு, ஃபுட் வால்வு எல்லாம் தின்றது போக மிஞ்சுவது பிட்டர் அண்ணன் சொன்ன இருபது சொச்சம் அடி.

சென்னையில் குளத்து வேலைக்காரர்கள் பிரஷரைக் கிலோவில்தான் பேசுகிறார்கள். “முக்கால் கிலோ நிக்குதுங்க சார்”, “ஒன்றரை கிலோ ஏறிடுச்சு, பேக்வாஷ் பண்ணணும்.” அந்தக் கிலோவும், கிணற்றில் மோட்டாரைப் பாதி ஆழத்துக்கு இறக்க வைத்த காற்றின் கிலோவும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தொழிலுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றிலிருந்து எந்த மீட்டரைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்குக் கிணற்றின் ஆழம் தெரியும். முக்கால் கிலோ என்றால் இருபத்தைந்து அடி. அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் பலத்தோடு பம்ப் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிட்டர் அண்ணன் வந்தால் வீட்டில் அன்றைக்குத் தனிச் சமையல். சைக்கிள் கேரியரில் கித்தான் பை. அதில் பைப் ரெஞ்ச், உளி, சுத்தியல், கிளாண்ட் கயிறு, ஒரு துண்டு பார் சோப்பு. ஃபுட் வால்வைத் தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். குழாயோடு சேர்ந்து பாசி, நத்தை ஓடு, இலைக் குப்பை எல்லாம் வரும். வால்வுக்குள் இருக்கும் தோல் வட்டத்தை அண்ணன் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஓரம் சுருண்டிருந்தால் பழைய தோலையே அச்சாக வைத்து, புதுத் தோலில் ஆணியால் கோடு கிழித்து, உளியால் வட்டமாக வெட்டுவார். வெட்டிய தோலைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு வெற்றிலை போடுவார். ஊறாத தோலை வைத்தால் முதல் நாளே கசியும் என்பார்.

பிறகு தண்ணீர் ஊற்றும் வேலை. அது சிறுவர்களுடையது. குடம் குடமாகப் பம்பின் வாயில் ஊற்ற வேண்டும். குழாய் நிறைந்து, குமிழி அடங்கி, தண்ணீர் தளும்பி நிற்க வேண்டும். “காத்து புடிச்சிருக்குது கண்ணு. இன்னும் ரெண்டு கொடம் ஊத்து.” “ஊத்தீட்டனுங்ண்ணா.” வால்வு லேசாகக் கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், அந்த நார் போய்ச் சந்துகளில் அடைத்துக்கொள்ளும். குழாய் இணைப்பில் காற்று இழுத்தால் பார் சோப்பைக் குழைத்து அப்புவார் அண்ணன். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. மேலே தொட்டியில் தண்ணீர் குதித்து விழும் சத்தம் கேட்ட பிறகுதான் சோறு.

கொங்கு நாட்டில் பம்ப் என்பது வெறும் இயந்திரம் இல்லை. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து, நீலகிரியில் விழுந்த தண்ணீர் மின்சாரமாகிக் கோயம்புத்தூருக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் கோவையிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு பீளமேட்டுப் பக்கம் பட்டறைகள் எழுந்தன. வார்ப்படம் ஒரு தெருவில், கடைசல் ஒரு தெருவில், காயில் சுற்றுவது இன்னொரு தெருவில் என்று ஊரே பம்ப் செய்யக் கற்றுக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் முதலில் மோட்டார் சத்தத்தைத்தான் கவனிப்பார்கள். இவரும் அப்படித்தான். குளத்தில் யார் குளிக்கிறார்கள் என்று பார்க்கும் முன்பே, காது பம்ப் அறைப் பக்கம் போய்விடும்.

நீச்சல் கற்றதும் அந்தக் கிணற்றில்தான். முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, மாமாவோ சித்தப்பாவோ கிணற்றில் தூக்கிப் போடுவார்கள். தண்ணீரைக் குடித்து, மூக்கில் ஏறி, அழுது, எப்படியோ படியைப் பிடித்ததும் மறுபடி தூக்கிப் போடுவார்கள். பிறகு சுரைப்புருடை போய் மண்ணெண்ணெய் பிளாஸ்டிக் கேன் வந்தது. அவருடைய அக்காவுக்கு ஆத்தா சொல்லிக் கொடுத்தார், விடிகாலையில், ஆண்கள் கிணற்றடிக்கு வருமுன்னே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. இப்போது நீலாங்கரையில் சின்னப் பிள்ளைகள் கண்ணாடி போட்டு, ரப்பர் தொப்பி போட்டு, பயிற்சியாளர் விசில் ஊத, கைவீச்சை எண்ணி எண்ணி நீந்துகிறார்கள். பெண் பிள்ளைகள் விடிகாலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாற்றம் அவருக்கு மனநிறைவு தருகிறது.

கிணற்றுக்கும் குளத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கிணற்றுத் தண்ணீர் ஒரே ஒரு தடவைதான் பம்பைப் பார்க்கும். தொட்டி, வாய்க்கால், மடை, பாத்தி என்று போனால் திரும்பி வராது. குளத்துத் தண்ணீர் திரும்பத் திரும்ப அதே பம்புக்குள் வரும். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள குளத்தில் நாற்பதாயிரம் லிட்டர் இருக்கும். அது முழுவதும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று ஃபில்டர் வழியாக வந்துவிட வேண்டும். வழியில் முதல் காவல், பம்பின் முன்னே இருக்கும் கூடை. அடுத்தது மணல் ஃபில்டர். அரை மில்லிமீட்டர் அளவு சலித்த மணல், மேலிருந்து தண்ணீர் இறங்க இறங்க அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

மீட்டர் முள் இந்த இரண்டு காவலின் நிலவரத்தையும் சொல்லிவிடும். முள் இறங்கினால் கோளாறு பம்புக்கு முன்னால். கூடை அடைத்திருக்கும், குளத்தில் தண்ணீர் குறைந்திருக்கும், இல்லை எங்கேயோ காற்று இழுக்கும். முள் ஏறினால் கோளாறு பம்புக்குப் பின்னால். பெரும்பாலும் மணல் அழுக்கேறியிருக்கும். புதிதாகக் கழுவிய மணலில் முள் எங்கே நிற்கிறதோ, அந்த எண்ணை அவர் ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வைப்பார். அதிலிருந்து அரை கிலோவுக்கு மேல் ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவது. அதற்கு முன் வேண்டாம். கிழமை வைத்துப் பேக்வாஷ் செய்கிற வழக்கம் இந்தச் சாலையில் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது தண்ணீருக்கும் கேடு, ஃபில்டருக்கும் கேடு. கொஞ்சம் அழுக்கு பிடித்த மணல்தான் நுண்ணிய தூசியையும் நிறுத்தும், சுத்தமாகக் கழுவிய மணல் அதைத் தப்பவிடும். ஒவ்வொரு பேக்வாஷிலும் முந்நூறு நானூறு லிட்டர் சாக்கடைக்குப் போகிறது.

பேக்வாஷுக்காக ஃபில்டரின் கைப்பிடியைத் திருப்பும்போது மோட்டார் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் புரண்டுவிடும், பிறகு நல்ல தண்ணீர் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரில்லாமல் பம்ப் ஓடவே கூடாது. மெக்கானிக்கல் சீலைக் குளிர்விப்பது தண்ணீர்தான், காய்ந்து ஓடினால் சில நிமிடங்களில் கருகிவிடும். இந்த இரண்டையும் அவர் வாட்ச்மேனிலிருந்து வீட்டு எஜமானி வரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

முட்டுக்காட்டில் ஒரு வீடு. அங்கே பம்ப் குளத்தின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. குளத்துக்குள் தண்ணீர் திரும்பும் வாய்களில் எப்போதும் குமிழி. முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும். பம்பையே மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டுக்காரரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். இவர் போனதும் ஒரு செம்பில் தண்ணீர் கேட்டார். பம்ப் ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். மூடியின் விளிம்பில் ஊற்றியதும் குமிழி நின்றது. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை விரலில் ஓட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் ஒரே ஒரு மணல் துகள், அதற்குப் பக்கத்தில் மயிரிழைக் கீறல். வளையமும் விறைத்துப் போயிருந்தது. புது வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்து, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியால் மெல்லப் பூசி, மூடியைக் கையாலேயே இறுக்கினார். ரெஞ்ச் போடவில்லை, போட்டால் மூடி விரியும். வாசலினும் தடவக் கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். குமிழி நின்றுவிட்டது, முள்ளும் நிலைத்தது. வீட்டுக்காரர் புதுப் பம்பின் விலையை நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது இந்தச் சாலையில் விழாத மரமில்லை என்று சொல்லலாம். கரண்ட் வர நாட்கள் ஆயின. ஓடாத பம்ப், குளம் நிறைய இலை, கிளை, மண். பல வீடுகளில் தண்ணீர் பச்சை பிடித்தது. ஒரு வீட்டில் எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டுக் கழுவச் சொன்னார்கள். அவர் கெஞ்சித் தடுத்தார். கடலோர மணல் நிலம், மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே ஊற்று. அப்போது குளத்தைக் காலி செய்தால் அடியிலிருக்கும் நிலத்தடி நீர் குளத்தையே மேலே தூக்கிவிடும். கான்கிரீட் விரிசல் விடும், டைல்ஸ் பெயரும். உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான் குளத்தைத் தரையில் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் இலையை வலையால் அள்ளி, கரண்ட் வந்ததும் படிகாரம் கரைத்து ஊற்றி, ராத்திரி முழுக்கத் தண்ணீரை அசையாமல் விட்டார். காலையில் அடியில் படிந்திருந்த வண்டலை மட்டும் மெதுவாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியேற்றினார். பிறகு குளோரின், சாயங்காலத்தில். வெயிலில் போட்டால் குளோரின் பாதி வேலை செய்யுமுன்னே போய்விடும். தண்ணீர் ஒரு வாரத்துக்குள் தெளிந்தது.

அடுத்த சோதனை 2019. ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. தெருவில் பெண்கள் குடத்தோடு லாரிக்கு நிற்கும்போது, மூன்று நாலு லாரித் தண்ணீர் நிற்கும் குளத்தை வைத்திருப்பது அவருக்கு உறுத்தியது. வீடு வீடாகப் போய்ப் பேசினார். ஆவியாகாமல் இருக்கக் குளத்தை மூடி வைக்கச் சொன்னார். பேக்வாஷ் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் ஒரு தொட்டியில் தேக்கி, குளோரின் போகும்வரை வெயிலில் வைத்து, தென்னைக்குப் பாய்ச்சக் குழாய் போட்டுக் கொடுத்தார். அந்த வேலைக்கு அவர் கூலி வாங்கவில்லை. மழை வந்த பிறகும் பல வீடுகளில் அந்தக் குழாய் அப்படியே இருக்கிறது. பம்பைத் தொட்ட தண்ணீர் ஒரு மரத்தடிக்காவது போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை.

ஊரில் இப்போது அந்தக் கிணறு வறண்டு கிடக்கிறது. மேடையில் போல்ட் துளைகள் மட்டும் இருக்கின்றன. சுற்றிலும் ஆயிரம் அடிக்கு மேல் போர். மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டது, அங்கிருந்து தள்ளுகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து தள்ளும் மோட்டாருக்கு அந்த இருபது அடிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால்தான் இவ்வளவு ஆழம் போனோம் என்று அவர் வருத்தத்தோடு சொல்வார். பாதிக் கிணற்றில் மோட்டார் நின்ற காலத்தில், தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பது தினமும் கண்ணில் பட்டது.

பிட்டர் அண்ணன் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வந்தவர், இவர் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். இவர் அவரை நீலாங்கரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். பம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஃபுட் வால்வு எங்க கண்ணு?” என்றார்.

“இல்லீங்ண்ணா. பம்பு தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்குது. தானா வந்துரும்.”

“அப்ப கொடமும் வேண்டாம், சாணியும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, இவர் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மோட்டாரில் வைத்துக் காதைக் கொடுத்தார். பின்பக்கப் பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது, சீலும் கெட்டுத் தண்ணீர் கசியுமுன் மாற்றிவிடு என்றார். கழற்றிப் பார்த்தபோது உப்புக் காற்றில் கிரீஸ் கட்டி தட்டி, குண்டுகளில் துரு பிடித்திருந்தது. ஆனால் அண்ணனுக்கு மனதுக்கு ஒப்பாதது வேறு. இத்தனூண்டு குளத்துக்கு எதற்கு இரண்டு குதிரை மோட்டார் என்று கேட்டார். இவரும் அதைத்தான் பல வருடமாகச் சொல்லி வந்தார். தேவைக்கு மேல் வேகமாகத் தள்ளினால் மணல் அழுக்கைப் பிடிக்க நேரமே கிடைக்காது, தண்ணீர் மணலைத் துளைத்து வழி பண்ணிக்கொண்டு போய்விடும். கரண்ட் பில் வேறு.

அண்ணன் கேட்ட கேள்வி வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. அடுத்த கோடைக்குள் வேகத்தைக் குறைத்துக் கூட்டும் பம்ப் வந்துவிட்டது. வேகத்தைப் பாதியாக்கினால் வரும் தண்ணீர் பாதி, பிரஷர் கால், இழுக்கும் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்கு. ஆறு மணி நேரம் ஓடியதைப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினாலும் செலவு பெரிதும் குறைகிறது. புதுப் பம்ப் ஓடிய மறுநாள் காலை, உதவிக்கு வரும் பையன் பதறிப் போய்ப் போன் செய்தான், முள் சுவரில் எழுதிய எண்ணுக்கு வெகு கீழே இருக்கிறது, கூடையில் ஒன்றுமில்லை, என்ன செய்வது என்று. அவர் நேரில் வந்து கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். சுவரில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் பச்சைப் பெயின்டில் இன்னொன்றை எழுதினார்கள். முழு வேகத்துக்குச் சிவப்பு, புள்ளி எட்டு. பாதி வேகத்துக்குப் பச்சை, புள்ளி இரண்டு. பாதி வேகத்தில் முள் அசைவதே தெரியாது என்பதால், வாரம் ஒரு முறை முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிச் சிவப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு இப்போது அந்தப் பையனுடையது.